பத்துப் புள்ளிக் கத்தி

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிராட்ஃபோர்டு என்று ஒரு சிற்றூர். அங்கே இருக்கும் டபிள்யூ. ஆர். கேஸ் அண்ட் சன்ஸ் ஆலையில் செய்த இரண்டு மடக்குக் கத்திகளை அருகருகே வைத்துப் பார்த்தால் சட்டென்று வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் இரண்டு நீண்ட அலகுகள், சாயமேற்றிய மாட்டெலும்புப் பிடி, பித்தளை உள்தகடு. பூதக்கண்ணாடியை எடுத்து, அலகு பிடிக்குள் நுழைகிற அடிப்பகுதியைப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். ஒன்றில் ‘கேஸ் எக்ஸ்எக்ஸ்’ என்று மட்டும் பொறித்திருக்கிறது. மற்றதில் அதற்குக் கீழே ‘மேட் இன் யு.எஸ்.ஏ.’ என்று ஒரு வரி கூடுதல். முதலாவது 1940க்கும் 1964க்கும் இடையில் செய்தது. இரண்டாவது 1965க்கும் 1969க்கும் இடையில். ஆப்பிள் நறுக்குவதிலோ கயிறு அறுப்பதிலோ இரண்டுக்கும் பேதமில்லை. விலையில் உண்டு. அந்த ஒரு வரி இல்லாத கத்திக்குத்தான் கூடுதல் விலை.

அடுத்து நடந்தது இன்னும் வேடிக்கை. 1970இல் அந்த எழுத்துகளின் அடியில் நிறுவனம் பத்துப் புள்ளிகளைச் சேர்த்தது. மறு ஆண்டு ஒன்பது, அதற்கடுத்த ஆண்டு எட்டு என்று குறைந்துகொண்டே போய் 1979இல் ஒரே ஒரு புள்ளி மிஞ்சியது. 1980இல் மறுபடியும் பத்துப் புள்ளி. ஆனால் இந்த முறை ‘எஸ்’ எழுத்து மின்னல் கீற்றைப்போல் ஒடிந்து நின்றது. எழுபதுகளில் டென்னஸி, கென்டக்கி பக்கத்துச் சந்தைகளில் பெரிய ஆட்கள் முழங்காலிட்டு உட்கார்ந்து கத்தியில் புள்ளி எண்ணிக்கொண்டிருந்தது இதனால்தான்.

பழைய கத்தி ஒன்றின் மதிப்பு எங்கிருந்து வருகிறது? எஃகிலிருந்தா, பிடியிலிருந்தா, செய்தவன் பெயரிலிருந்தா, வாங்குகிறவன் ஆசையிலிருந்தா? அமெரிக்கப் பழங்கத்திச் சேகரிப்பின் வரலாற்றைப் புரட்டினால் நான்கும் கலந்த விடைதான் கிடைக்கிறது. கடைசிக் காரணத்தின் பங்கு, சேகரிப்பாளர்கள் ஒப்புக்கொள்வதைவிடக் கொஞ்சம் அதிகம்.

ஒரு காலத்தில் அமெரிக்காவில் பையில் கத்தி இல்லாத ஆண்பிள்ளையே இல்லை என்று சொல்லிவிடலாம். 1865 ஏப்ரல் 14 அன்று ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்ட இரவில் அவர் சட்டைப்பைகளில் இருந்தவை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. இரண்டு மூக்குக்கண்ணாடி, கைக்குட்டை, பணப்பை, பத்திரிகை நறுக்குகள், அவற்றோடு வெள்ளிப் பூண் போட்ட தந்தப்பிடி மடக்குக் கத்தி ஒன்று. லிங்கனின் பேத்தி 1937இல் கொடுத்த அந்தப் பொருட்களை நூலகம் 1976இல்தான் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. கதையுலகத்திலும் அப்படித்தான். மார்க் ட்வெய்னின் டாம் சாயர் பைபிள் வசனம் மனப்பாடம் செய்ததற்கு உறவுக்காரப் பெண் மேரி கொடுக்கும் பரிசு பன்னிரண்டரை சென்ட் விலையுள்ள ஒரு ‘பார்லோ’ கத்தி. அதை வைத்து எதையும் அறுக்க முடியாது என்று தெரிந்தும் பையன் பூரித்துப்போகிறான். நீண்ட இரும்புப் பூணும் எலும்புப் பிடியும் கொண்ட அந்த பார்லோ, இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்கப் பள்ளிப் பையன்களின் பையில் குடியேறிய மலிவுக் கத்தி.

தொழிலுக்குத் தொழில் வடிவம் மாறியது. கால்நடை வளர்ப்போருக்கான ‘ஸ்டாக்மேன்’ கத்தியைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூடினால் உள்ளங்கைக்குள் அடங்கும் நீளம். நகம் வைக்க அலகில் ஒரு பிறைப் பள்ளம். முதல் அலகு நுனி வளைந்து கூர்ந்தது, பொது வேலைக்கு. இரண்டாவது அலகின் விளிம்பு நேர்கோடு, நுனி மழுங்கல். குளம்பு சீவும்போது கை வழுக்கினாலும் விலங்கைக் குத்தாது. மூன்றாவது அகன்று, நுனி உருண்டது. கன்றுக்குக் காயடிப்பதற்கென்றே வந்தது. ஒரு பண்ணைக்காரனின் முழு வேலைநாளும் மூன்று அலகுக்குள் இருக்கிறது. மருத்துவருக்கு மாத்திரை நசுக்கத் தட்டையான அடிப்பகுதியும் மருந்து குழைக்க மழுங்கல் அலகும் வைத்த கத்தி. தோலுக்காக விலங்கு பிடிப்பவருக்கு ‘டிராப்பர்’. மரம் செதுக்குகிறவருக்கு ‘விட்லர்’. அகன்று பெருத்த ஒரு வடிவத்துக்குச் சேகரிப்பாளர்கள் வைத்த செல்லப் பெயர் ‘யானை நகம்’. அது கிடைத்தால் ஆள் அன்றைக்குத் தூங்கமாட்டார்.

இத்தனை கத்தி வாங்கிய நாடு, நெடுங்காலம் தனக்கு வேண்டிய கத்தியைத் தானே செய்துகொள்ளவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்கச் சட்டைப்பையில் இருந்தது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துச் சரக்கு. ஜோசப் ராட்ஜர்ஸ், ஜார்ஜ் வோஸ்டன்ஹோம் ஆகிய பெயர்கள் அங்கே எல்லாருக்கும் பழக்கம். வோஸ்டன்ஹோம் தன் ஷெஃபீல்டு ஆலைக்கே ‘வாஷிங்டன் ஒர்க்ஸ்’ என்று பெயர் சூட்டியிருந்தார். தன் சோறு எந்தக் கரையிலிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உள்நாட்டிலும் சில ஆலைகள் முளைத்திருந்தன. கனெக்டிகட்டில் ஹாலி, நார்த்ஃபீல்டு. நியூயார்க் மாநிலத்தில் 1852இல் தொடங்கி 1856இல் வால்டன் ஊருக்கு இடம்பெயர்ந்த நியூயார்க் நைஃப் கம்பெனி. ஆனால் ஷெஃபீல்டின் விலையோடு மல்லுக்கட்டுவது அவற்றுக்குச் சிரமமாகவே இருந்தது.

1890 அக்டோபரில் நிலைமை தலைகீழானது. மெக்கின்லி சுங்கச் சட்டம் இறக்குமதிக் கத்திகளின் மீது கடும் தீர்வை போட்டது. 1897இல் வந்த டிங்லி சட்டம் அந்தச் சுவரை இன்னும் உறுதியாக்கியது. ஷெஃபீல்டின் அமெரிக்க வியாபாரம் சரிந்தது. அமெரிக்க ஆலைகள் பெருகின. இறக்குமதிப் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற விதியும் மெக்கின்லி சட்டத்தோடு வந்தது. 1891 மார்ச் முதல் அமல். இன்றைய சேகரிப்பாளருக்கு அந்த விதி பெரிய வரம். ‘ஜெர்மனி’ என்றோ ‘இங்கிலாந்து’ என்றோ அலகில் பொறித்திருந்தால், “இது என் கொள்ளுத்தாத்தா உள்நாட்டுப் போரில் வைத்திருந்தது” என்கிற குடும்பக் கதையை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு அந்தக் காலக் கணக்கை மட்டும் ஒதுக்கிவிடலாம்.

சரக்குக்குத்தான் தடை, ஆட்களுக்கு இல்லை. சட்டத்துக்கு முன்னும் பின்னும் ஷெஃபீல்டுக் கொல்லர்களும் சாணைக்காரர்களும் கப்பலேறிக்கொண்டே இருந்தார்கள். சார்லஸ் பிளாட்ஸ் அவர்களில் ஒருவர். ஷெஃபீல்டில் தொழில் கற்று வந்தவர் கனெக்டிகட்டின் நார்த்ஃபீல்டு ஆலையில் மேற்பார்வையாளரானார். அங்கிருந்து நியூயார்க் மாநிலத்தின் லிட்டில் வேலியில் கட்டராகஸ் கம்பெனிக்குப் போனார். பிறகு மகன்களைச் சேர்த்துக்கொண்டு சொந்த ஆலை தொடங்கினார். மகன் ஹார்வி, கேஸ் குடும்பத்துப் பெண்ணான டெபியைக் கைப்பிடித்தார். சாணைக்கல்லின் தூசி ஹார்வியின் நுரையீரலைக் கெடுத்தது. ஷெஃபீல்டில் தலைமுறை தலைமுறையாக ஆட்களைக் கொன்ற அதே நோய். நல்ல காற்றைத் தேடி மேற்கே போனவர் 1911இல் கொலராடோவின் போல்டரில் தொடங்கியதுதான் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் கட்லரி. இந்தப் பெயர் பொறித்த கத்தியை வாங்குகிறவருக்கு, அந்த ஆலை ஏன் மலையடிவாரத்தில் இருந்தது என்பது தெரிந்திருப்பது நல்லது.

கேஸ் குடும்பமும் லிட்டில் வேலிக் குடும்பம்தான். 1889இல் அண்ணன் தம்பிகள் கத்தி விற்கத் தொடங்கினார்கள். அவர்களுடைய சகோதரியை மணந்த சாம்ப்ளின்தான் கட்டராகஸ் கம்பெனியை நடத்தியவர். அந்தச் சகோதரர்களில் ஒருவரான வில்லியம் ரஸ்ஸல் கேஸின் மகன் தந்தை பெயரில் தொடங்கிய வியாபாரம் பிராட்ஃபோர்டில் நிலைத்தது. நியூயார்க்–பென்சில்வேனியா எல்லையோரம் அந்தச் சில மாவட்டங்களுக்குள் மைத்துனன், மருமகன், முன்னாள் கணக்குப்பிள்ளை என்று ஆளுக்கொரு கத்திக் கம்பெனி வைத்திருந்தார்கள். ஒரு கம்பெனி எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று வம்சாவளி வரைவதே இன்று சிலருக்கு முழுநேரப் பொழுதுபோக்கு.

சுங்கச் சுவரால் பிழைத்தவர்களில் ஜெர்மன்காரர் அடால்ஃப் காஸ்டரும் உண்டு. நியூயார்க் நகரத்தில் இறக்குமதி வியாபாரம் செய்துவந்தவர், வரி ஏறியதும் 1902இல் சிராக்யூஸ் பக்கத்திலுள்ள காமில்லஸ் ஊரில் ஓர் ஆலையையே விலைக்கு வாங்கிவிட்டார். சோலிங்கன் நகரத்திலிருந்து தொழிலாளர்களை வரவழைத்து, அவர்கள் தங்க ‘ஜெர்மானியா ஹால்’ என்று ஒரு விடுதியும் கட்டினார். வால்டனில் 1904இல் ஜார்ஜ் ஷ்ரேடும் சகோதரர்களும் தங்கள் ஆலையைத் திறந்தார்கள். பொத்தானை அழுத்தினால் அலகு தானே விரியும் கத்திக்கு ஷ்ரேடு பெற்ற காப்புரிமைகள் பேர்பெற்றவை. அந்த வகைக் கத்தியை மாநில எல்லை தாண்டி விற்பதை 1958இல் மத்திய அரசு தடைசெய்தது. பயமுறுத்தும் பொருளாகிவிட்ட அந்த ஷ்ரேடு கத்திகள், முதலில் ஒரு கை வேலையாக இருக்கும்போது மறுகையால் திறக்கும் வசதிக்காகவே விளம்பரமாயின.

இங்கே புதியவர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அலகில் பொறித்த பெயர், செய்த ஆலையின் பெயராக இருக்க வேண்டியதில்லை. செயின்ட் லூயிஸின் சிம்மன்ஸ் ஹார்டுவேர் ‘கீன் கட்டர்’ என்றும், அதே ஊர் ஷாப்லீ ‘டைமண்ட் எட்ஜ்’ என்றும், லூயிவில்லின் பெல்க்நாப் ‘ஜான் பிரிம்பிள்’ என்றும், சிகாகோவின் ஹிப்பர்டு ஸ்பென்சர் பார்ட்லெட் ‘ஓவிபி’ என்றும் பொறித்து விற்ற கத்திகளில் பல காமில்லஸ் போன்ற ஆலைகளில் உருவானவையே. இவர்கள் எல்லாரும் மொத்த வியாபாரிகள். ரயிலடி உள்ள ஒவ்வோர் ஊரின் இரும்புக்கடைக்கும் ஆணி, சம்மட்டி, கத்தி மூன்றையும் ஒரே பட்டியலில் அனுப்பியவர்கள். ஆகவே ஒரே ஆலையில் ஒரே வாரத்தில் செய்த இரண்டு கத்திகள் இரண்டு பெயரில் இரண்டு விலைக்குப் போகின்றன. பெயருக்குப் பணம் கொடுக்கிறீர்களா, வேலைப்பாட்டுக்குக் கொடுக்கிறீர்களா என்று தெரிந்து கொடுப்பது உத்தமம்.

துப்பாக்கிக் கம்பெனிகள் இந்தத் தொழிலுக்கு வந்தது போர் முடிந்ததால். முதல் உலகப் போர் ஓய்ந்ததும் ரெமிங்டனின் பிரிட்ஜ்போர்ட் ஆலையில் இயந்திரங்கள் சும்மா கிடந்தன. வின்செஸ்டருக்கும் அதே கதை. அது 1919இல் ஈகிள், நாப்பனாக் என்ற இரண்டு கத்திக் கம்பெனிகளை வாங்கிப்போட்டது. ரெமிங்டன் 1922இல் வெளியிட்ட ஆர்1123 என்ற பெரிய டிராப்பர் கத்தியின் பிடியில் வழக்கமான முத்திரைத் தகட்டுக்குப் பதிலாகத் தோட்டா வடிவத்தில் ஒரு தகடு பதித்திருந்தது. வேட்டைக்காரர்களை இழுக்கச் செய்த விளம்பர உத்தி. அந்த வரிசைக் கத்திகளைத்தான் இன்று ‘புல்லட்’ என்கிறார்கள். புழங்காத புல்லட் ஒன்று ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகும். ரெமிங்டன் 1940இல் கத்தித் தொழிலை பால் பிளேடு கம்பெனிக்கு விற்றுவிட்டு வெளியேறியது. இருபதே ஆண்டுக் காலம், பெரிய பெயர், நல்ல வேலைப்பாடு, அதற்குமேல் சரக்கு வராது என்ற உறுதி. சேகரிப்பாளன் கேட்கிற எல்லாம் ஒரே இடத்தில் அமைந்துவிட்டன.

பிடியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவுறாது. அனுபவசாலி கத்தியைக் கையில் வாங்கினால் அலகைத் திறப்பதற்கு முன் பிடியைத் தடவிப் பார்ப்பார். மாட்டின் கால் எலும்பைப் பலகையாக அறுத்து, இயந்திரத்தால் கொத்திக் கொத்திப் பள்ளம் போட்டு, சாயத்தில் ஊறவைத்துச் செய்வதுதான் பெருவழக்கு. பார்வைக்கு மான்கொம்பின் சொரசொரப்பு, விலையில் பாதி. எல்லா ஆலையும் இதைத் தானே செய்யவில்லை. கனெக்டிகட்டின் ராக்ஃபால் ஊரிலிருந்த ராஜர்ஸ் கம்பெனி கொத்திச் சாயமேற்றிய எலும்பைப் பல ஆலைகளுக்கும் விற்றது. ‘ராஜர்ஸ் எலும்பு’ என்று இன்றும் விற்பனைக் குறிப்பில் எழுதுவது அதனால்தான். ஒரு தொகுப்பில் வந்த சாயம் மறு தொகுப்பில் அப்படியே வராது. கேஸ் கத்திகளில் பச்சை ஓடிய எலும்பும் செம்மை ஏறிய எலும்பும் அப்படி வந்தவை. அன்று நிற வேறுபாட்டை யாரும் பொருட்படுத்தவில்லை. இன்று பச்சைக்குத் தனி விலை.

அசல் கொம்பு வேண்டுமென்றால் அது நம் ஊர்ச் சரக்கு. உலகெங்கும் கத்திப் பிடிக்கு முதல் தரமென்று பேர்பெற்றது கடமானின் கொம்பு. மேற்குத் தொடர்ச்சி மலைக்காரர்கள் மிளா என்பார்களே, அதேதான். கொம்பின் உள்ளே பஞ்சு குறைவு, திடமான பகுதி அதிகம் என்பதால் மெல்லிய பலகையாகச் சீவ அது வாகானது. காட்டில் உதிர்ந்து கிடந்ததைப் பொறுக்கிச் சேர்த்து ஏற்றுமதி செய்த காலம் ஒன்று இருந்தது. உதிர்ந்த கொம்பு என்ற பெயரில் வேட்டையும் நடக்கும் என்பதால் இந்தியா பின்னர் அந்த ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. அதன்பின் ‘இந்திய ஸ்டாக்’ பிடி போட்ட பழைய கேஸ் கத்திகளின் மதிப்பு ஏறாமல் இருக்குமா? கேஸின் எண்களைப் படிக்கத் தெரிந்தவர் பட்டியலிலேயே இதைக் கண்டுகொள்வார். 6254 என்றால் முதலில் உள்ள 6 கொத்திய எலும்பைக் குறிக்கும், அடுத்த 2 இரண்டு அலகை, 54 வடிவத்தை. அதுவே 5254 என்றால் கொம்புப் பிடி.

முத்துச்சிப்பி, தந்தம், ஆமையோடு, கருங்காலி எல்லாம் உண்டு. தந்தத்தின் வணிகத்தை அமெரிக்கா 2016இல் ஏறக்குறைய முழுதாகவே முடக்கிவிட்டதால், நூறாண்டுப் பழமைக்குச் சான்று இல்லாத தந்தப்பிடிக் கத்தி விற்பவருக்கே தலைவலி. ஆனால் சேகரிப்பைச் சத்தமில்லாமல் தின்கிற பிடி வேறொன்று: செல்லுலாய்டு. பருத்தியும் நைட்ரிக் அமிலமும் கற்பூரமும் சேர்ந்து பிறந்த இந்த ஆதிப் பிளாஸ்டிக் எந்த நிறத்திலும் வரும், கோடு கோடாக வரும், முத்தைப்போல் மின்னவும் செய்யும். வயதானால் சிதையத் தொடங்கி அமிலப் புகை கக்கும். ஒரு மஞ்சள் பிடிக் கத்தி இப்படிக் கெட்டால், அதே பெட்டியில் அருகே இருக்கும் நல்ல கத்திகளின் அலகுகளும் துருப்பிடித்துப் போகும். ஆண்டுக்கணக்கில் திறக்காத இழுப்பறையைத் திறந்து தலையில் கைவைத்தவர்கள் ஏராளம். செல்லுலாய்டைத் தனியே, காற்றோட்டமாக வைப்பது. எந்தக் கத்தியையும் தோலுறையில் நீண்டநாள் போட்டு வைக்காமலிருப்பது. தோலைப் பதப்படுத்திய வேதிப்பொருளும் ஈரமும் எஃகுக்கு ஆகாது. இவ்விரண்டும் தெரியாமல் பணம் போடுவது வீண்.

அதே செல்லுலாய்டுதான் சுவையான ஒரு கிளையையும் தந்தது. ஒஹையோ மாநிலத்தின் காண்டன் ஊரில் ஒளிபுகும் செல்லுலாய்டுப் பிடிக்கு அடியில் புகைப்படத்தைப் பதித்துக் கத்தி செய்தார்கள். காதலி, குழந்தை, வேட்பாளர், தொழிற்சங்கச் சின்னம் என்று வாடிக்கையாளர் எதைக் கொடுத்தாலும் அது பிடிக்குள் போனது. அங்கே நாவல்டி கட்லரியை நடத்திய ஆகஸ்ட் விக்னோஸ், கெட்டிஸ்பர்க் போரில் ஒரு கையை இழந்தவர். பீர் அதிபர் அடால்ஃபஸ் புஷ் இன்னும் ஒரு படி மேலே போனார். அறிமுகச் சீட்டுக்குப் பதிலாகக் கத்தியை நீட்டினார். அதிலுள்ள ஊசித்துளையில் கண்ணை வைத்தால் உள்ளே சின்னஞ்சிறு லென்ஸ் வழியே புஷ்ஷின் முகம் தெரியும்.

இவையெல்லாம் நெடுங்காலம் யாரும் சேகரிக்காத பொருட்கள். தேய்ந்தால் தூக்கிப் போட்டார்கள், ஒடிந்தால் புதிது வாங்கினார்கள். கென்டக்கியில் ரஸ்ஸல் கம்பெனியின் பார்லோ வைத்திருப்பவர்கள் ஒரு பத்திரிகைப் பத்தி எழுத்தாளரின் தூண்டுதலால் விளையாட்டாகச் சங்கம் கூடியது போன்ற விதிவிலக்குகள் உண்டு. பரவலான மோகம் பிறந்தது 1960களின் கடைசியில். அதற்கு இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, 1965இல் கேஸ் தன் முத்திரையை மாற்றியது. கடைகளில் மிஞ்சியிருந்த பழைய முத்திரைக் கத்திகளை ஆட்கள் தேடத் தொடங்கினார்கள். மற்றது, 1968இன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம். உரிமம் இல்லாமல் சந்தையில் துப்பாக்கி வாங்கி விற்றுவந்தவர்கள் அதே மேசையில் கத்தியைப் பரப்பினார்கள். 1970இன் புள்ளிகள் எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றின. 1972இல் தேசியக் கத்திச் சேகரிப்பாளர் சங்கம் உருவாகி, பின்னர் டென்னஸியின் சாட்டனூகாவில் அருங்காட்சியகமும் வைத்தது. டூயி ஃபெர்குசன், ஜிம் பார்க்கர், புரூஸ் வாய்ல்ஸ், பெர்னார்டு லெவின் ஆகியோரின் கையேடுகள் வந்தன. பொருளுக்கு விலைப்பட்டியல் அச்சானதும் அது பண்டமாகிவிடுகிறது.

கம்பெனிகளுக்கும் இது புரிந்துவிட்டது. சுதந்திரத்தின் இருநூறாம் ஆண்டான 1976ஐ ஒட்டியும் அதற்குப் பின்னும் நினைவுக் கத்தி, எண்ணிட்ட கத்தி, கண்ணாடிப் பெட்டியில் வைத்த கத்தி என்று சரக்கு குவிந்தது. ரெமிங்டன் பெயரே 1982இல் திரும்பி வந்தது. ஆர்1123இன் நகலை காமில்லஸ் ஆலை செய்துகொடுத்தது. இவற்றில் பெரும்பாலானவை வாங்கிய விலைக்கு மேல் போகவில்லை. காரணம் வெளிப்படை. 1922இன் புல்லட் அரிதானது, வாங்கியவர்கள் அதை வேட்டைக்கு எடுத்துப் போனதால். பெட்டியோடு பத்திரப்படுத்தவே எல்லாரும் வாங்கிய ஒரு பொருள் அரிதாவது எப்படி?

விலை ஏறிய இடத்தில் போலி வராமல் இருக்காது. மலிவான கத்தியின் முத்திரையை அரைத்தெடுத்துவிட்டு விலையுயர்ந்த பெயரைப் பொறிப்பது ஒரு வகை. உடைந்த இரண்டு அசல் கத்திகளிலிருந்து ஒரு முழுக் கத்தி கட்டுவது இன்னொரு வகை. இதில் ஒவ்வோர் உறுப்பும் அசல், கத்தி மட்டும் போலி. பழைய எலும்பை ஒட்டுவது, பிடி மாற்றுவது, தேய்ந்த அலகைக் கழற்றி வேறு அலகு போடுவது எல்லாம் உண்டு. பிடிக்கத் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது அலகின் அடித்தடிமன். முத்திரையை அரைத்திருந்தால் அந்த இடம் மெலிந்து, உள்தகட்டுக்கும் அலகுக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். அடுத்து ரிவிட். பூணில் பதித்த ரிவிட்டின் தலை ஆலையில் தேய்த்தபோதே மறைந்துவிடும். வட்டமாக நிழல் தெரிந்தால் யாரோ பிற்பாடு திறந்திருக்கிறார்கள். புற ஊதா விளக்கில் புதிய பசை பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். காதும் வேண்டும். நல்ல ஸ்பிரிங் உள்ள கத்தியை மூடினால் ‘டக்’ என்று ஒரே சத்தம். அலகு தயங்கி மூடினால் உள்ளே கதை இருக்கிறது.

போலி அல்லாத ஏமாற்றமும் உண்டு. நியூயார்க் நைஃப் கம்பெனி 1931இல் மூடியது. அதன் புகழ்பெற்ற ‘ஹாம்மர் பிராண்டு’ பெயரைப் பின்னர் ராட் ஐலண்டின் இம்பீரியல் கம்பெனி வாங்கி, தகரம் மடித்த பிடி போட்ட மலிவுக் கத்திகளில் பொறித்தது. முத்திரை சட்டப்படி சரி, கத்தி வேறு. அதையும் வால்டன் கத்தி என்று நினைத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி, புழங்காத கத்தி என்ற விநோதம். ஆலையை விட்டு வந்தபடியே, சாணை படாமல், பையில் போகாமல் இருப்பதை ‘மிண்ட்’ என்கிறார்கள். ஒரு முறை சாணை பிடித்தாலே ஒரு படி இறங்கிவிடும். துருவைப் போக்குகிறேன் என்று மெருகுச் சக்கரத்தில் கொடுத்தால் இன்னும் மோசம். முத்திரையின் விளிம்புகள் கரைந்து, நூறாண்டு முகம் ஐந்து நிமிடத்தில் அழிந்துபோகும். இதன் பொருள், சந்தை அதிகம் கொடுப்பது கத்தி வேலை பார்க்காததற்கு. இது நியாயமா என்றால், சேகரிப்பின் தர்க்கத்தில் நியாயம். ஆனால் தேய்ந்து பாதியான அலகும், வலது கட்டை விரல் பட்டுப் பட்டு ஒரு பக்கம் மட்டும் வழுவழுத்த எலும்பும் கொண்ட ஒரு கட்டராகஸ், ஆளையும் தொழிலையும் பற்றிச் சொல்வதில் பத்தில் ஒரு பங்கைக்கூட, புழங்காத கத்தி சொல்லாது. அந்தத் தேய்ந்த கத்தி சில பத்து டாலருக்குக் கிடைக்கிறது என்பது வாங்குகிறவரின் அதிர்ஷ்டம்.

ஆலைகள் ஒவ்வொன்றாய் அணைந்துவிட்டன. கட்டராகஸ் 1963இல், ஷ்ரேடின் வாரிசான இம்பீரியல் ஷ்ரேடு 2004இல், காமில்லஸ் 2007இல், பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் இருந்த குவீன் 2018இல். கேஸ் பிழைத்தது. 1993இல் அதே பிராட்ஃபோர்டின் சிப்போ லைட்டர் கம்பெனி அதை வாங்கியது. இன்றும் அந்த ஊரில் எலும்புப் பிடி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். டைட்டஸ்வில்லில் 2006இல் தொடங்கிய கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி பழைய வடிவங்களைப் பழைய முறையிலேயே சிறு சிறு தொகுப்பாகச் செய்கிறது. எழுபதுகளில் சேர்த்தவர்களின் தொகுப்புகள் இப்போது ஏலத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பையில் கத்தி இல்லை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் விமான நிலையச் சோதனையில் ஒப்படைக்கப்பட்ட கத்திகளைச் சில மாநில அரசுகள் குவியலாக ஏலம் விட்டதும் நடந்தது.

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற தமிழ் அப்பா அம்மாக்கள் வார இறுதியில் வீட்டுச் சாமான் விற்பனைகளில் சுற்றுவதுண்டு. அங்கே பழைய கத்தி கண்ணில் பட்டால் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். அலகின் அடியைப் படியுங்கள், மூடும் சத்தத்தைக் கேளுங்கள், மெருகு ஏற்றியதா என்று பாருங்கள். கண்ணாடிப் பெட்டியில் சான்றிதழோடு வருவதைத் தாண்டிப் போய்விடுங்கள். நான்கைந்து கத்தி வாங்கும் காசில் முதலில் லெவினின் கையேட்டை வாங்கிப் படிப்பது லாபம். ஊருக்குக் கொண்டுவருவதானால் மறந்தும் கைப்பையில் வைக்காதீர்கள். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் துணி சுற்றி வையுங்கள்.